அப்பாவின் சிபாப் மெஷின்: பில் இல்லாமல் மாற்றி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக 2019-இல் சிபாப் மெஷின் வாங்கினோம் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி). போன வாரம் குழாயைக் கழுவும்போது உள்ளே மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புத் துகள். அப்புறம்தான் தெரிந்தது, 2021 ஜூனில் கம்பெனியே திரும்பப் பெறுவதாக அறிவித்த மாடல்களில் இதுவும் ஒன்று. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் ஃபோம் உதிர்ந்து மூச்சோடு உள்ளே போகலாமாம். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்தால் இன்னும் சீக்கிரம் உதிருமாம். நல்லவேளை, நாங்கள் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டோம்.

அடியில் இருக்கும் சீரியல் நம்பரை கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். விற்ற டீலர் பில் இல்லாமல் பேசவே மாட்டேன் என்கிறார். பில்லோ 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் வந்த தண்ணீரோடு போய்விட்டது.

நேற்று மெஷின் இல்லாமல் படுத்தார். குறட்டை நின்றபோதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன். இன்று டாக்டர் திட்டினார்: கேட்காமல் நிறுத்தக் கூடாது, வேறு மெஷினை உடனே வாடகைக்கு எடுங்கள் என்று.

பில் இல்லாமல் யாருக்காவது மாற்றிக் கொடுத்தார்களா? வேளச்சேரி, தாம்பரம் பக்கம் மாத வாடகைக்கு எங்கே கிடைக்கும், முன்பணம் எவ்வளவு? டாக்டர் சீட்டில் உள்ள பிரஷர் அளவை அவர்களே வைத்துக் கொடுப்பார்களா? இன்று ராத்திரிக்குள் தெரிந்தால் பெரிய உதவி.