கிளாடின்-4: ஜெல்லில் வெல்லைத் தாண்ட மாட்டேங்குது, எலைசாவில் எல்லா வெல்லும் ஒரே நிறம்

கேள்வி:
கையில இருக்கறது ரீகாம்பினன்ட் ஹியூமன் கிளாடின்-4 (பக்கத்துப் பக்கத்து செல்களை இறுக்கி இணைக்கற மெம்பிரேன் புரோட்டீன்). முழு நீளம் (209 அமினோ அமிலம்), சி-முனையில ஹிஸ் டேக் (பிடிச்சு எடுக்க உதவற ஹிஸ்டிடின் வால்), ஹெக்293ங்கற மனித செல்லில் செஞ்சது. ஸ்டாக் 0.5 மி.கி./மி.லி., 0.03% டிடிஎம் டிடர்ஜென்ட்ல.

வெஸ்டர்ன் பிளாட்ல (ஜெல்லில் பிரிச்ச புரோட்டீனை ஆன்டிபாடியால பாக்கறது) 22 கிலோடால்டன் பக்கம் மங்கலா ஒரு கோடு, 40 பக்கம் இன்னொண்ணு, மீதியெல்லாம் வெல் வாயிலேயே அப்பிக்கிட்டு நிக்குது. லேனுக்கு 500 நானோகிராம், லெம்லி பஃபர், 95 டிகிரி 5 நிமிஷம், 12% ஜெல்.

எலைசா (தட்டுல ஒட்டவச்ச புரோட்டீனோட எது சேருதுன்னு நிறத்தால பாக்கற சோதனை): கார்பனேட் பஃபர்ல (பிஎச் 9.6) 2 மைக்ரோகிராம்/மி.லி. ஆக்கி ராத்திரி முழுக்க கோட்டிங். வாஷ் 0.05% ட்வீன்-20. சி-சிபிஇ (கிளாடினைப் பிடிக்கற பாக்டீரியா நச்சோட ஒரு துண்டு) 0 முதல் 200 நானோமோலார் வரை, கடைசியில ஆன்டி-ஹிஸ் எச்ஆர்பி (ஹிஸ் டேக்கைப் பிடிக்கற, நிறம் தர்ற என்சைம் கோத்த ஆன்டிபாடி). எல்லா வெல்லும் ஒரே மஞ்சள், சி-சிபிஇ போடாத வெல்லும் சேர்த்துதான். புரோட்டீன் கெட்டுப்போச்சா?

பதில் 1:
கொதிக்க வைக்காதீங்க. கிளாடின் மெம்பிரேனை நாலு தடவை ஊடுருவுற புரோட்டீன். 95 டிகிரில ஹெலிக்ஸ் பிரியும்போது, தண்ணிக்கு ஒவ்வாத பக்கங்களை லெம்லி பஃபர்ல இருக்கற எஸ்டிஎஸ் டிடர்ஜென்ட் மூடறதுக்குள்ள அதுங்க ஒண்ணோடொண்ணு ஒட்டிக்குது. ஒட்டினது திரும்பக் கரையாது, அந்த டியூபைத் தூக்கிப் போட்டுடுங்க.

புது சாம்பிளை மூணா பிரிச்சு ஒண்ணை அறை வெப்பத்துல, ஒண்ணை 37 டிகிரில, ரெண்டும் 30 நிமிஷம். மூணாவதை வழக்கம்போல 95-ல. பக்கத்துப் பக்கத்து லேன்ல ஓட்டுங்க. டிரான்ஸ்பருக்கு முன்னாடி ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டி எறியற பழக்கம் இருந்தா இந்த ஒரு தடவை விட்டுடுங்க, திரள் அங்கதான் தெரியும். 40-ல வர்றது பெரும்பாலும் டைமர் (ரெண்டு மூலக்கூறு சேர்ந்தது). ஜெல்லைப் பார்த்து கரைசல்லயும் டைமராத்தான் இருக்குன்னு முடிவு கட்டிடாதீங்க.

பதில் 2:
எலைசா கணக்கைப் பாருங்க. 0.5 மி.கி.யிலருந்து 2 மைக்ரோகிராம்னா 250 மடங்கு டைல்யூஷன். டிடிஎம் 0.03-லருந்து 0.00012% ஆயிடும். மைசெல் (புரோட்டீனைக் கரைச்சு வைக்கற டிடர்ஜென்ட் உருண்டை) உருவாக சுமார் 0.0087% வேணும், நீங்க அதுக்கு எழுபது மடங்கு கீழ. தட்டுல ஒட்டினது திரண்டுபோன கிளாடின். அதுக்காக கோட்டிங் பஃபர்ல டிடிஎம் சேர்த்தாலும் உதவாது, டிடர்ஜென்ட் இருந்தா பாலிஸ்டைரின்ல புரோட்டீன் சரியா ஒட்டாது.

ஒரு சந்தேகம்: உங்க சி-சிபிஇ-ல என்ன டேக்?

கேட்டவர்:
அதுலயும் ஹிஸ்தான்.

பதில் 2:
அதான் விஷயம். ஆன்டி-ஹிஸ் தட்டுல இருக்கற கிளாடினையே பிடிக்குது. சி-சிபிஇ வந்தாலும் வராட்டியும் மஞ்சள் வரும். இந்த டேட்டாவை வச்சு புரோட்டீன் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாது.

நிக்கல் தட்டு வாங்குங்க, கிளாடினை அதோட ஹிஸ் டேக்காலயே பிடிச்சு நிறுத்துங்க. சி-சிபிஇ-யை ஹிஸ் இல்லாம, ஜிஎஸ்டிங்கற வேற புரோட்டீன் டேக்ல செஞ்சு, ஆன்டி-ஜிஎஸ்டி எச்ஆர்பி-யால பாருங்க. பைண்டிங், பிளாக்கிங் (1% பிஎஸ்ஏ), வாஷ் எல்லாத்துக்கும் பிஎச் 7.4 பஃபர், எல்லாத்துலயும் 0.02% டிடிஎம், ட்வீன் வேண்டாம். ஈடிடிஏ கூடாது, நிக்கலைப் பிடுங்கிடும். ஸ்டாக்ல இமிடசோல் (ஹிஸ் டேக்கை நிக்கல்லருந்து கழட்டிவிடறது) மிச்சமிருந்தா முதல்ல அதை எடுத்துடுங்க. டைசல்ஃபைடை உடைக்கற டிடிடி-யும் வேண்டாம்: கிளாடினோட வெளிப்பக்க முதல் வளையத்துல ரெண்டு சிஸ்டீன் சேர்ந்த டைசல்ஃபைடு இருக்கு, அது உடைஞ்சா சி-சிபிஇ உட்கார்ற இடமே குலையும். ஜெல் சாம்பிள்ல டிடிடி போட்டா பரவாயில்லை.

கேட்டவர்:
37 டிகிரில 22 பேண்ட் பளிச்சுனு வந்துடுச்சு, வெல்லுல கொஞ்சம்தான் மிச்சம். 95 லேன் பழையபடியே. அந்த மிச்சம் ஸ்டாக்லயே இருக்கற திரளா?

பதில் 1:
இருக்கலாம். 1,00,000 ஜி-ல 4 டிகிரி, 30 நிமிஷம் சுத்தி மேல்நீரை மட்டும் ஓட்டிப் பாருங்க. மேசை சென்ட்ரிஃபியூஜ்ல 16,000 ஜி சின்னத் திரளை இறக்காது. மீதி ஸ்டாக்கை 10 மைக்ரோலிட்டரா பிரிச்சு -80-ல வைங்க, ஒரு டியூபை ரெண்டாம் தடவை உறைய விடாதீங்க.

பதில் 3:
எலைசாவுக்கு மூணு கன்ட்ரோல்: கிளாடின் இல்லாத வெல், வெறும் ஜிஎஸ்டி, அப்புறம் ஒய்306ஏ/எல்315ஏ மாற்றம் (ரெண்டு அமினோ அமிலத்தை அலனினா மாத்தினது) செஞ்ச சி-சிபிஇ. கடைசியது கிளாடின்-4-ஐ சரியாப் பிடிக்காது, அதனால அங்கயும் மஞ்சள் ஏறினா அது வெறும் ஒட்டல். ஜிஎஸ்டி தானே டைமர் ஆகிடும். ரெண்டு கையால பிடிக்கறதால பைண்டிங் உண்மையைவிட இறுக்கமாத் தெரியும், அந்த எண்ணை கேடி-ன்னு (ஒரு மூலக்கூறோட உண்மையான பிணைப்பு வலிமைன்னு) எழுதிடாதீங்க.