திருநீறு போட்டுத் தேய்த்தால் வெள்ளி எடை குறையுமா, குறையாதா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வீட்டுக் குறிப்புப் பகுதியில் 'தாமிரபரணி' என்ற பெயரில் எழுதும் அம்மையார் நேற்று ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: "வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் ஒரு பொட்டு எடைகூடக் குறையாது. துணியில் வருவது வெறும் அழுக்கு." அதற்குக் கீழே "நன்றி அக்கா", "அருமை அக்கா" என்று ஒரு நீண்ட வரிசை.

சேலத்தில் தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம் எங்களுடையது. பட்டறைத் தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட நாங்கள் வெளியே கொட்டுவதில்லை. அதை உருக்கி வெள்ளி எடுப்பவர்கள் வந்து காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அம்மையார் அழுக்கு என்று சொல்லும் அந்தக் கருப்பு, காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. அதன் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளி. மிச்சம் 13 பங்குதான் கந்தகம். துணியில் வருவது வெள்ளி. இதை மறுப்பவர் மறுக்கலாம்.

தாமிரபரணி:
பெயர் சொல்லி அழைத்ததால் வந்தேன். எங்கள் வீட்டில் சந்தனக் கும்பா, பன்னீர்ச்செம்பு, குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம், உத்தரணி எல்லாமே பாட்டி காலத்தவை. ஆடிவெள்ளி, தை வெள்ளி, நவராத்திரி, கார்த்திகை என்று எல்லாவற்றுக்கும் திருநீற்றால்தான் துலக்குகிறோம். ஐயா சொல்கிறபடி வெள்ளி போயிருந்தால் இந்நேரம் எங்கள் பன்னீர்ச்செம்பு ஆவியாகியிருக்க வேண்டும். நூற்றுக்கு 87 என்றால் எதில் நூறு? அதைச் சொல்லாமல் ஜனங்களைப் பயமுறுத்துவது ஏன்? வீட்டிலேயே துலக்கிக்கொண்டால் பாலிஷ் போடக் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற கவலையோ?

அடையாற்றுவாசி:
இரண்டு பேரும் தேய்ப்பதிலேயே நிற்கிறீர்கள். தேய்க்கவே வேண்டாம். பாத்திரத்துக்குள் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் வெள்ளியைப் படும்படி வைத்து, சமையல் சோடாவைப் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். வெள்ளி சல்பைடில் இருக்கும் கந்தகம் பிரிந்து போய்விடும், வெள்ளி அங்கேயே தங்கிவிடும். அழுகிய முட்டை வாடை வரும். அது கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுவதற்கு அடையாளம். எடை இழப்பு என்ற பேச்சே இல்லை.

வழிப்போக்கன்:
ஒரு சின்னக் கேள்வி. கருப்பு என்று எல்லோரும் எந்தக் கருப்பைச் சொல்கிறீர்கள்? விளக்கில் படியும் எண்ணெய்க் கரியும் பெட்டிக்குள் இருந்தபடியே கருப்பதும் ஒன்றல்லவே. பாத்திரம் சுத்த வெள்ளியா, 925 வெள்ளியா (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் வேறு உலோகம்), முலாமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தாமிரபரணி அம்மையாருக்கு: நூறு என்பது அந்தக் கருப்புத் தூளின் எடை. பன்னீர்ச்செம்பின் எடை இல்லை. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். உங்கள் செம்பின் கழுத்தில் இருக்கும் கொடி வேலைப்பாட்டை விரலால் தடவிப் பாருங்கள். கோடுகள் மழுங்கியிருக்கும். மழுங்கியதெல்லாம் எங்கே போயிற்று? துணிக்குத்தான்.

கருப்பு மட்டும் போனாலும் பரவாயில்லை என்று விடலாம். யாராவது கருப்புப் போனவுடன் கையை நிறுத்துகிறார்களா? முகம் தெரியும் வரை தேய்க்கிறார்கள். அப்போது கீழே இருக்கும் வெள்ளை வெள்ளியும் உரிகிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வெள்ளி 2.5 முதல் 3 வரை. மணலின் சிலிக்கா 7. பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுக்கும் அசல் திருநீற்றில் மாடு தின்ற புல்லின் சிலிக்கா இருக்கிறது. கடையில் பொட்டலம் போட்டு விற்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூள். அதன் கடினம் ஏறக்குறைய 3. ஆக, அசல்தான் அதிகம் கீறும், போலி குறைவாகக் கீறும்.

அடையாற்றுவாசிக்குப் பிறகு வருகிறேன்.

தாமிரபரணி:
போலித் திருநீறு நல்லது, அசல் திருநீறு கெட்டது! இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். நெற்றியில் பூசுவதற்கும் குறை சொல்வீர்களா? எங்கள் ஊரில் திருநீற்றைக் குறை சொன்னால் யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நெற்றியில் பூசுங்கள். உங்கள் நெற்றியை யாரும் எடைபோட்டு விற்கப் போவதில்லை. நானும் தினமும் பூசுகிறவன்தான். பேச்சு பாத்திரத்தைப் பற்றியது. துணியில் வருவது வெள்ளியா, அழுக்கா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

வெண்பொங்கல்:
எங்கள் வீட்டில் பற்பசைதான். வெள்ளை நிறப் பற்பசை, பழைய பல் துலக்கி, ஐந்து நிமிடம். பாத்திரத்துக்குப் பல் வலியும் வராது.

அடையாற்றுவாசி:
பற்பசையிலும் தேய்ப்பான்கள்தான் இருக்கின்றன. வழவழப்பான வெள்ளித் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கோடு தெரியும். அருங்காட்சியகங்களில் வெள்ளியைத் துலக்குபவர்கள் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை) நீரில் குழைத்துப் பஞ்சால் தொட்டு எடுக்கிறார்கள். அதையும் அடிக்கடி செய்வதில்லை.

சேலத்து ஐயாவின் 87 கணக்கு சரி. ஆனால் அந்தப் படலத்தின் தடிமன் என்ன என்று அவர் சொல்லவே இல்லை. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தக் கருப்பையும் எடுத்தாலும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வராது. இதற்கா தூக்கம் கெடுகிறது?

தாமிரபரணி:
அப்படிச் சொல்லுங்கள் தம்பி! பத்தில் ஒரு பங்கு வராதாம். நான் சொன்னதும் அதுதானே, ஒரு பொட்டு எடைகூடக் குறையாது.

அடையாற்றுவாசி:
அக்கா, நான் உங்கள் கட்சி இல்லை. குறைகிறது, ஆனால் சொற்பம் என்கிறேன். நீங்கள் குறையவே குறையாது என்கிறீர்கள்.

தாமிரபரணி:
இரண்டும் ஒன்றுதான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஒன்றில்லை! "வெறும் அழுக்கு" என்று எழுதியவர் நீங்கள். நூற்றுக்கு 87 வெள்ளி இருப்பது அழுக்கா? செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போது மில்லிகிராமுக்குக் கடைக்காரரோடு சண்டை போடுகிறீர்கள். வீட்டில் துணியோடு போவது மட்டும் சொற்பமா?

இப்போது அலுமினியத் தாளுக்கு வருகிறேன். தம்பி, அந்த வாடை கந்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கொதிநீரால் பாழாகும் பொருள்களைப் பட்டறையில் உட்கார்ந்து பார்ப்பவன் நான். உள்ளே அரக்கு நிரப்பிய பொருளைக் கொதிநீரில் போட்டால் அரக்கு இளகி ஒழுகிவிடும். கல் வைத்ததில் கல் கழன்றுவிடும். சாமி உருவத்தின் கண்ணோரத்திலும் மடிப்பிலும் வேண்டுமென்றே கருப்பு ஏற்றித்தான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறோம். உங்கள் முறை அதையும் உறிஞ்சிவிட்டு, முருகனை முகமில்லாத முருகனாக்கிவிடும். திரும்பி வரும் வெள்ளியும் பளபளப்பாக வராது, மங்கலாக வரும். அதைப் பளபளக்க வைக்க மறுபடியும் தேய்க்க வேண்டும். தேய்த்தால்? துணியில் வருவது வெள்ளி.

அடையாற்றுவாசி:
தட்டு, டம்ளர், கரண்டிக்குத்தான் சொன்னேன். முருகனை நான் எங்கே தொட்டேன்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
"வெள்ளியை வைத்து" என்று பொதுவாக எழுதினீர்கள். மேலே போய்ப் பாருங்கள். சென்னைக்காரர்கள் எதையும் பாதிதான் சொல்வார்கள். உங்கள் ஊரில் வெள்ளி சீக்கிரம் கருப்பதற்கே காரணம் கூவம். அந்த வாடையில் இருப்பதும் நீங்கள் சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடுதான்.

அடையாற்றுவாசி:
பெயரிலேயே அடையாறு இருக்கிறது, கூவம் வேறு ஆறு. ஆற்றுக்கு ஆறு வித்தியாசம் தெரியாதவர் எனக்குப் பாதி, முழுசு கற்றுக்கொடுக்கிறார். திருமணிமுத்தாறு சேலத்துக்குள் எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்களேன்.

வெண்பொங்கல்:
ஆற்றுச் சண்டை முடிந்ததும் சொல்லுங்கள். பெட்டியில் சூடம் போட்டு வைத்தால் கருக்காது என்கிறார்களே, உண்மையா? எங்கள் பெட்டியில் சூடம் போய்விடுகிறது, கருப்பு மட்டும் இருக்கிறது.

தாமிரபரணி:
சூடம் நல்லதுதான். ஒரு சாக்பீஸும் சேர்த்துப் போடுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெள்ளியை எப்போதும் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சூடம் கந்தகத்தை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சாக்பீஸ் ஈரத்துக்குச் சரி. முதலில் பொருளை நன்றாகக் காயவைத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத பாலிதீன் பையில் போட்டு மூடுங்கள். கம்பளித் துணி கூடாது, அதிலேயே கந்தகம் இருக்கிறது. கரண்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது அதைவிட மோசம், ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள். பேண்டு இருந்த இடத்தில் கருப்புக் கோடு விழும். முட்டை சாப்பிட்ட கரண்டியை உடனே கழுவுங்கள். தினமும் புழங்கிக் கழுவித் துடைக்கும் டம்ளர் கருப்பதில்லை. பெட்டிக்குள் ஒளித்துவைப்பதுதான் கருக்கிறது. நாங்கள் பட்டறையில் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரில்தான் கழுவுகிறோம், அதுவே வீட்டுக்கும் போதும்.

இதையெல்லாம் இலவசமாகச் சொல்கிறவனைப் பார்த்துத்தான் ஒருவர் "கடைக்கு ஆள் வராத கவலையோ" என்று கேட்டார். மறக்கவில்லை.

தாமிரபரணி:
மறக்க வேண்டாம். பூந்திக்கொட்டை நீரில் கழுவினால் மட்டும் துணியில் ஒன்றும் வராதோ? திருநீறு என்றால்தான் 87 வருமோ?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
பூந்திக்கொட்டை நுரை தருவது, எண்ணெயையும் கரியையும் எடுப்பது. அது தேய்க்கும் பொருளே இல்லை. திருநீறு தேய்க்கும் பொருள். இன்னும் எத்தனை முறை சொல்வது?

வழிப்போக்கன்:
நான் கேட்டதும் அதுதான், விளக்கின் கரியா, சல்பைடா என்று. தாமிரபரணி அவர்கள் துலக்குவது எண்ணெய்க் கரி என்றால் அவர் சொல்லும் 'அழுக்கு' சரி. மேலும், இப்போது பரிசுக் கடைகளில் கிடைக்கும் தாம்பாளங்கள் பல 'ஜெர்மன் சில்வர்'. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, வெள்ளி அதில் துளியும் இல்லை. அவரவர் பாத்திரம் என்ன என்று முதலில்...

தாமிரபரணி:
எங்கள் பாட்டி வீட்டுச் செம்பை ஜெர்மன் சில்வர் என்றா சொல்கிறீர்கள்? வழிப்போக்கர் தம் வழியைப் பார்த்துப் போகட்டும்.

வெண்பொங்கல்:
எங்கள் மருமகள் கரண்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள், கோடு விழுந்திருக்கிறது. இப்போது எதைப் போட்டு எடுப்பது? திருநீறா, தாளா, பற்பசையா?

அடையாற்றுவாசி:
தாள்.

தாமிரபரணி:
திருநீறு. பயப்படாமல் தேயுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தேய்த்துவிட்டு அந்தத் துணியைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். சேலம் வரும்போது கொண்டு வாருங்கள், உருக்கிக் காட்டுகிறேன். அம்மையாரையும் அழைத்து வாருங்கள்.

தாமிரபரணி:
வருகிறேன். பஸ் டிக்கெட் யார் போடுவது? அந்தத் துணியில் இருக்கும் வெள்ளியை விற்றா?