ஸ்மார்ட் ஹைட்ரோஜெல்: ‘திறன்மிகு’ வேண்டா, ‘துலங்கு’ போதும்

அன்புடையீர், வணக்கம்.

சூழல் மாறும்போது பருத்தும் சுருங்கியும் மாறும், நீரை ஏந்திய பொருளான ‘ஸ்மார்ட் ஹைட்ரோஜெல்’ பற்றியும் அதன் கணினி ‘மாடலிங்’ பற்றியும் நாம் அமைத்துவரும் கலைச்சொல் வரைவு குறித்து எழுதுகிறேன். ‘ஸ்மார்ட் ஹைட்ரோஜெல்’ என்பதற்கு இக்குழுவில் முன்மொழியப்பட்ட ‘திறன்மிகு நீர்க்கூழ்’, ‘அறிவார்ந்த நீர்க்கூழ்மம்’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கூழ்மம் ஏற்கெனவே கொலாய்டுக்கு (நுண்துகள்கள் பரவிய கலவைக்கு) உரியதாகிவிட்டது. கூழோ ஊற்றினால் ஓடுவது. நாம் பேசும் பொருள், குறுக்கே பிணைந்த பலபடிச் (பாலிமர்) சங்கிலிகள் வலையாக நின்று, தம் எடையைப்போல் பல மடங்கு நீரை ஏந்தியும் வடிவம் குலையாதிருப்பது. எனவே ‘நீர்க்களி’ என்பேன். உண்ணும் களி நினைவுக்கு வந்தால் வரட்டும்.

அடைமொழிதான் முதன்மையான சிக்கல். பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு களி ஏறத்தாழ 32 பாகை செல்சியசைத் தாண்டியதும் நீரை வெளியேற்றிச் சுருங்குகிறது; குளிர்ந்தால் மீண்டும் பருக்கிறது. கார்பாக்சில் தொகுதிகள் கொண்ட களியில், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) உயரும்போது அத்தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுவதால், அதை ஈடுசெய்யும் அயனிகள் உள்ளே சேர்ந்து, சவ்வூடுபரவல் அழுத்தம் கூடிக் களி பருக்கிறது. இவற்றில் அறிவும் இல்லை, திறனும் இல்லை. தூண்டலும், அதற்கு எதிர்வினையான துலங்கலுமே உண்டு. உயிரியலிலும் உளவியலிலும் நிலைபெற்ற அந்த இணையிலிருந்து ‘துலங்குநீர்க்களி’ என அமைக்கலாம். வினைத்தொகை காலம் கரந்து நிற்பதால், மீண்டும் மீண்டும் நிகழக்கூடிய இயல்பையும் அது குறிக்கிறது.

‘மாடலிங்’ என்பதற்கு ‘மாதிரி’ போதாது; ‘நீர்க்களி மாதிரி’ என்றால் ஆய்வகத்தில் குப்பியில் இருக்கும் துண்டையே வாசகர் எண்ணுவார். இலங்கையில் வழங்கும் ‘மாதிரியுரு’ இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. எனவே ‘கணினி மாதிரியுருவாக்கம்’. இது ‘சிமுலேஷன்’ அன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். வலையின் மீள்விசையையும் நீரோடு கலக்கும் நாட்டத்தையும் சமன்படுத்தி வேதியியலாளர்கள் ஃபுளோரியும் ரேனரும் 1943இல் தந்த கோட்பாடு, அயனிகளின் பெயர்ச்சிக்கான நெர்ன்ஸ்ட்-பிளாங்க் சமன்பாடு, மின்னழுத்தத்துக்கான புவாசோன் சமன்பாடு ஆகியவற்றை இணைத்து எழுதுவது மாதிரியுருவாக்கம். அவற்றைக் கணினியில் ஓட்டிக் களியின் நடத்தையைக் காண்பது ‘பாவனையாக்கம்’. களி பருத்தால் அதன் மின்னூட்டச் செறிவு குறைகிறது, அது குறைந்தால் சவ்வூடுபரவல் அழுத்தமும் மாறுகிறது என்பதால் இச்சமன்பாடுகளைத் தனித்தனியே தீர்க்க இயலாது. எனவே ‘கப்பிள்டு’ என்பதற்குப் ‘பிணைந்த’ என்பதைவிட, ‘ஒன்றையொன்று சார்ந்த’ என்று விரித்தெழுதுவதே தெளிவு. இயற்பியலாளர் டொயோயிச்சி தனகா 1978இல் களிகளில் காட்டிய திடீர்ப் பருமன் மாற்றத்துக்குப் ‘பருமத்தாவல்’ என்பது என் முன்மொழிவு.

‘வெப்பத்துலங்கு’, ‘பிஎச்-துலங்கு’, ‘மின்துலங்கு’ எனக் கிளைச்சொற்கள் தடையின்றி வருகின்றன. ‘ஒளித்துலங்கு’ மட்டும் இடிக்கிறது. துலங்குதலுக்கு ஒளிர்தல் என்ற பொருளும் உண்டாகையால், அது ஒளிவீசும் களியாகிவிடும். அவ்விடத்தில் ‘ஒளிக்குத் துலங்கும் நீர்க்களி’ என்று வேற்றுமையுருபை விரித்தே எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் வரைவில் மாற்றிக்கொள்ளலாம்.