பொருள்: டிஎன்எஸ் கேஷ், டிடிஎல் – தமிழில் என்ன வைக்கலாம்?

வணக்கம். டிஎன்எஸ் என்பது இணையப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் அமைப்பு. கிடைத்த பதிலின் நகலை எடுத்து வைப்பது கேஷ்; அந்த நகலை எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்று சொல்லும் எண் டிடிஎல் (டைம் டு லிவ்). இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது தருமபுரி அண்ணன் எழுதியது:

> கேஷுக்குப் ‘பதுக்ககம்’, டிடிஎல்லுக்கு ‘வாழ்நேரம்’ என்று முடித்துவிடலாமே.

தருமபுரி அண்ணன் சொன்ன பதுக்ககம் எங்களுக்குச் சரிப்படாது. கிருஷ்ணகிரியில் பதுக்கல் என்றாலே ரேஷன் அரிசியும் பறக்கும் படையும்தான் நினைவுக்கு வரும். ‘இடைச்சேமிப்பு’ போதும்.

எனக்குச் சண்டை வாழ்நேரத்தோடுதான். டிஎன்எஸ் பதிவு எங்கும் சாவதில்லை. அதன் நகலை இத்தனை வினாடி கையில் வைத்துக்கொள் என்று கொடுத்த அனுமதிதான் முடிகிறது. இதற்கு ‘கெடு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. அண்மையில் இங்கே ஒரு மாங்கூழ் ஆலைக்கு மெயில் சர்வரை மாற்றினோம். அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் 86400 வினாடி, அதாவது ஒரு நாள். முந்தின நாளே 300க்குக் குறைத்திருப்போம், ஆனால் டொமைன் கடவுச்சொல் பழைய ஆளிடம் மாட்டிக்கொண்டு கடைசி நேரத்தில்தான் வந்தது. பழைய பதிலை வைத்திருந்தவர்கள் அனுப்பிய அஞ்சல் பழைய இடத்துக்கே போனது. ‘நாளைக்குக் காலை பத்து மணி வரை கெடு இருக்கு சார், அதுவரை பழைய சர்வரை நிறுத்தாதீங்க’ என்றேன். ஆலைக்காரர் மறுகேள்வி கேட்கவில்லை.

அப்புறம் நெகட்டிவ் கேஷிங். ‘எதிர்மறை இடைச்சேமிப்பு’ வேண்டாம். சேமிப்பு வழக்கமான சேமிப்புதான், சேமிக்கப்படுவது ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதில். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, டொமைனின் தலைமைப் பதிவான எஸ்ஓஏ பதிவின் கடைசி எண், அந்தப் பதிவின் டிடிஎல் இரண்டில் எது குறைவோ அதுவே இதன் கெடு. தேடியும் பதில் எடுக்க முடியவில்லை என்று சொல்லும் செர்வ்ஃபெயில் பிழையின் கதை வேறு. அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அஞ்சல் மென்பொருளுக்கு இந்த வேறுபாடுதான் உயிர். என்எக்ஸ்டொமைன் (‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதில்) வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் அஞ்சலை அப்போதே திருப்பிவிடும். செர்வ்ஃபெயில் என்றால் வரிசையில் போட்டுவைத்து மறுபடி மறுபடி முயலும், இயல்பு அமைப்பில் ஐந்து நாள் வரை. ஆகவே முதலாவது ‘இன்மைப் பதில்’, இரண்டாவது ‘தேடல் தோல்வி’. இரண்டாவதற்குப் ‘பதிலின்மை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தில் அழகுதான்; இரவு போனில் ஒருவரை எழுப்பி ‘இன்மைப் பதிலா, பதிலின்மையா’ என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடிப் பதில் கொண்டுவரும் ரிசால்வர் இன்னும் தமிழ்ச் சொல் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. ‘தீர்வி’ எனக்கு ஒட்டவில்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.