எட்டு வயதுப் பையனை கோல்ஃப் வகுப்பில் சேர்க்கலாமா?

டெக்சஸ் அப்பா:
மகன் தோற்றால் அழுகிறான், சில நேரம் கள்ளாட்டமும் உண்டு. இங்கே ஃபர்ஸ்ட் டீ என்ற சிறுவர் கோல்ஃப் அமைப்பின் வகுப்பில் கோல்ஃபோடு நல்ல குணங்களும் சொல்லித்தருகிறார்களாம். நிஜமா, விளம்பரமா?

மரப்பாச்சி:
என் மகள் இரண்டு வருடமாகப் போகிறாள். 1997-இல் தொடங்கிய அமைப்பு. நேர்மை, மரியாதை, விடாமுயற்சி போன்ற குணங்கள் அவர்கள் பாடத்தில் உண்டு. ஆனால் பாடத்தைவிட ஆட்டம்தான் கற்றுத்தருகிறது, ஏனென்றால் பெரும்பாலும் பக்கத்தில் நடுவரே இருக்க மாட்டார், தப்பு செய்தால் நாமே சொல்ல வேண்டும், மணல் குழியில் இறங்கினால் நம் காலடித் தடத்தை நாமே வாரிச் சமப்படுத்த வேண்டும், அடுத்தவர் அடிக்கும்போது வாயே திறக்கக் கூடாது. கடைசி விஷயம் பழக எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஆனது!

பழைய ஆட்டக்காரன்:
அந்தக்கால அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள். 1925 யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அவர் அடிக்கத் தயாரானபோது பந்து அசைந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை, அவரே சொல்லித் தன் கணக்கில் ஓர் அடி கூட்டி அபராதம் போட்டுக்கொண்டார் (குறைந்த முறை அடித்து முடிப்பவருக்கே வெற்றி). கடைசியில் சமநிலை, மறு ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் ஓர் அடியில் தோற்றார்.

சந்தேகி:
கோல்ஃபில் கள்ளக்கணக்கு எழுதும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆட்டம் ஒன்றும் மந்திரமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "எத்தனை அடி?" என்று முதலில் கேட்காதீர்கள், அது போதும்.

டெக்சஸ் அப்பா:
ஐயோ, நான் கேட்பதே அதைத்தான். சரி, சனிக்கிழமை கூட்டிப்போகிறேன்.