புதுப்பிப்பு: ரிங் கேஜில் சிக்கிய ஷாஃப்ட்

20 மி.மீ. ஷாஃப்ட் (உருளைத் தண்டு), டாலரன்ஸ் சின்ன எழுத்து எச்7 (h7): விட்டம் 20-க்குக் கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. மைக்ரோமீட்டரில் எங்கு பிடித்தாலும் 19.99, ஆனால் முழுநீள ரிங் கேஜில் (ஷாஃப்ட் நுழைகிறதா என்று பார்க்கும் துல்லிய வளையம்) பாதியில் சிக்குகிறது, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

மைக்ரோமீட்டர்மேல் தப்பில்லை. இரு முனையையும் வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) வைத்துச் சுழற்றினோம். நடுவில் டயல் முள் 0.06 ஆடியது. அதாவது 0.03 வளைவு. (குட்டை ரிங் என்றால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்!)

அப்புறம்தான் டிராயிங் மூலையில் ஐஎஸ்ஓ 8015 (டிராயிங்கை எப்படிப் படிப்பது என்று சொல்லும் சர்வதேசத் தரநிலை) என்றிருந்ததைக் கவனித்தேன். அதன்படி அளவு வேறு, வடிவம் வேறு. விட்டத்தின் டாலரன்ஸ் வளைவைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்றால், அளவு எல்லைக்குள் வடிவமும் அடங்க வேண்டும் என்ற முதல் விதியே இதை ரிஜெக்ட் செய்திருக்கும். நாங்கள் பழக்கதோஷத்தில் இந்த டிராயிங்கையும் அமெரிக்க முறையிலேயே படித்திருக்கிறோம்.

சரி, வாடிக்கையாளரிடம் பேசி, விட்டத்தின் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' குறியைப் போட வைத்தாயிற்று; அது இருந்தால் வளைவும் அளவு எல்லைக்குள் அடங்க வேண்டும். வளைந்தவற்றை நிமிர்த்திக்கொண்டிருக்கிறோம்.