பொருள்: மறு: பழைய வீடியோ கேம் எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. பிக்ஸல், அதாவது திரையில் தெரியும் சின்னச் சின்னச் சதுரக் கட்டம், அதனால் ஆன பழைய வீடியோ கேம் எழுத்துக்குத் தமிழ்ச்சொல் எனக்கு ஏன் அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் தங்கச்சி மகனின் பிறந்தநாளுக்கு ஒரு பேனர். பழைய வீடியோ கேம் எழுத்தில்தான் பெயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நானே வடிவமைத்து, காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்து, "பிக்ஸல் எழுத்து, பாத்துப் போடுங்க தம்பி" என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால் விளிம்பெல்லாம் மழுங்கி, கொழுக்கட்டை பிடித்த மாதிரி எழுத்து. "பிக்ஸல் உடைஞ்சிருந்துச்சுண்ணே, நான் சரி பண்ணிட்டேன்" என்றார் தம்பி, பெருமையாக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அச்சுத் தொழிலில் பிக்ஸல் கண்ணில் பட்டாலே கோளாறு என்றுதான் பொருள்.

> படவணு எழுத்துரு என்று வைத்தால் என்ன?

பிக்ஸலுக்குப் படவணு, அகராதிக்குச் சரி. ஆனால் அணு என்றதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பக்கம் மனம் போய்விடுகிறது. இந்த எழுத்தின் அழகே ஒவ்வொரு துண்டும் கண்ணில் வந்து முட்டுவதுதானே.

> புள்ளியெழுத்து. எளிமை, இனிமை.

எளிமைதான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தொல்காப்பியத்தில் புள்ளி என்றாலே மெய்யெழுத்து. புள்ளிமயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. இன்னொன்று, வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பாருங்கள். புள்ளி வழிகாட்டத்தான், கோடு அதைச் சுற்றி வளைந்து போகும். திரையிலோ புள்ளிதான் எழுத்தின் உடம்பு.

இந்த உடம்பு ஏன் இப்படிக் கட்டையாக ஆனது என்பதையும் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து விளையாட்டு இயந்திரங்களிலும் வீட்டுக் கணினிகளிலும் ஓர் எழுத்துக்குப் பொதுவாக 8க்கு 8, அதாவது 64 கட்டம்தான் இடம். கட்டத்துக்கு ஒரு பிட், எட்டு பிட் ஒரு பைட்டு என்றால் எழுத்துக்கு 8 பைட்டு. நினைவகம் அவ்வளவு அருமையான பண்டம். வீட்டு டிவியில் இணைத்தால் ஒற்றைக் கட்டத் தடிமனில் நிற்கும் கோடு நிறம் கலங்கித் தெரியும். அதனால் பல கணினிகளில் நிமிர்ந்த கோடுகளை இரண்டு கட்டத் தடிமனில் வைத்தார்கள். 1984இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் வடித்த சிகாகோ எழுத்துருவும் தடித்த எழுத்துதான். இன்று நாம் பழைய பாணி என்று ரசிப்பது அன்றைக்குப் பிழைப்புக்குச் செய்த ஏற்பாடு.

தமிழுக்கு இந்த 8 கட்டம் போதாது. ட, ப இரண்டும் சொல்லிவைத்த மாதிரி உட்காரும். மூன்று சுழி ணகரத்தைப் போட்டுப் பாருங்கள்: நிற்கும் சுவர் நான்கு, இரண்டு கட்டத் தடிமனுக்கு 8 ஆயிற்று, நடுவே மூன்று இடைவெளி, ஆக 11. தடிமனைக் குறைத்தால் எழுத்து நோஞ்சானாகிவிடும், சுழியைக் குறைத்தால் றன்னகரமாகிவிடும்.

> ஆத்தங்குடிக் கல் மாதிரி இருக்கிறதே, கல்லெழுத்து எனலாமா?

ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் ஆத்தங்குடியில் செய்யும் அந்தத் தரைக் கல் வெளியேதான் சதுரம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். ஊற்றுகிற பொருள் எந்த வளைவுக்கும் இணங்கும். போதாததற்கு, கல்லெழுத்து என்றால் கல்வெட்டு நினைவுதான் வரும்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் கொட்டான், அதாவது ஓலைக் கூடை. அப்பத்தா முடைந்த ஓலைக் கொட்டான் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பக்கவாட்டில், சாயம் ஏற்றிய ஓலையில் எங்கள் விலாசம், அதாவது குடும்பத் தலைப்பெழுத்து: 'பழ.' மேலும் கீழுமாக ஓலை ஓடும்போது ஒன்று நிறம் தெரியும், அல்லது தெரியாது. பாதி என்ற பேச்சே இல்லை. ப மூன்று பக்கமும் நேராக வந்துவிட்டது. ழகரத்தின் வால்தான் ஏணிப்படி மாதிரி இறங்கி, திரும்ப இடமில்லாமல் கொட்டானின் அடி விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எந்த வீடியோ கேமில் போட்டாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆகவே என் சொல்: கட்டவெழுத்து. கட்டம் போட்ட சேலை, கட்டம் போட்ட நோட்டு என்று எல்லாரும் புழங்குகிற கட்டம்தான். மரம் + அடி மரவடி ஆவது போலக் கட்டம் + எழுத்து. கட்டெழுத்து என்று சுருக்கினால் வட்டெழுத்துக்கு ஜோடியாக நன்றாகத்தான் ஒலிக்கிறது, எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் அவசரத்தில் கூட்டெழுத்து என்று படித்துவிடுவார்கள்.

தலைப்புக்கென்றே வடித்த பெரிய எழுத்தைக் 'காட்சி எழுத்துரு' என்று ஒருவர் பெயர்த்திருந்தார். எதற்கு? கொட்டை எழுத்து என்று பத்திரிகை படிக்கிற எல்லாரும் சொல்கிறோமே. இரண்டையும் சேர்த்தால் கட்டக் கொட்டையெழுத்து. கொஞ்சம் வாய் நிறையத்தான் இருக்கிறது.

—

மறு: மறு:

நேற்று மடல் போட்ட கையோடு அதே கடைக்குப் போனேன். "தம்பி, இது கட்டவெழுத்து" என்றேன். "கட்டை எழுத்தாண்ணே?" என்று கேட்டார். இல்லை, கட்டம் என்று திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "அப்ப விளிம்பத் தொடக்கூடாது, அப்படித்தானே?" என்றார். மறுபடி போடும் பேனர் சனிக்கிழமை வருகிறது.